விண்மீனை அளந்து கோளை அறிதல்

2019 ஆம் ஆண்டிலே அனைத்துலக வானியல் ஒன்றியம் தனது நூற்றாண்டு விழாவை முன்னிட்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதனைச் சுற்றிவருங் கோள் ஒன்றையும் ஒதுக்கி, அவற்றுக்குப் பெயரிடும் உரிமையை அந்நாட்டு மக்களுக்கு வழங்கிற்று. இலங்கைக்குக் கிடைத்தது தென்மீன் என்னும் உடுத்தொகுதியில் ஏறத்தாழ 300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன். பட்டியல்களில் எச். டி. 205739 என்று இலக்கத்தால் மாத்திரம் அறியப்பட்டிருந்த அதற்குச் ‘சாமய’ என்றும், அதன் கோளுக்குச் ‘சமகிய’ என்றும் பெயர் சூட்டப்பெற்றன. முன்னது அமைதியையும் பின்னது ஒற்றுமையையுங் குறிக்குஞ் சிங்களச் சொற்கள். ஐப்பசி மாதத்து முன்னிரவில், மேகம் இடங்கொடுக்குமாயின், நுவரெலியாவிலிருந்து நோக்குவோர்க்குத் தென்வானில் நல்ல உயரத்தில் அது நிற்கும். ஆயினும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அளவு மங்கலானது.

இச்செய்தியை அட்டன் பகுதிப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்பு மாணவர்க்கு யான் எடுத்துரைத்தபோது, தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், அந்தக் கோளைக் கண்டவர் யார்?” என்று கேட்டாள். “ஒருவருங் கண்டதில்லை” என்றேன். வகுப்பு நகைத்தது. அவள் நகைக்கவில்லை. “காணாத ஒன்றுக்குப் பெயர் வைக்கலாமா, சேர்?” என்றாள்.

அன்று மணி அடிக்கப் பத்து நிமிடமே இருந்தமையால் ஏதோ சுருங்கச் சொல்லி அமர்ந்தேன். ஆனால் அவ்வினா எளிதில் விடுவதன்று. ஞாயிறு அல்லாத பிற விண்மீன்களைச் சுற்றுங் கோள்களைப் புறக்கோள்கள் என வழங்குவோம். 2025 ஆம் ஆண்டு செப்டெம்பரில் உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் தொகை 6,000 ஐ எட்டியது. அவற்றுள் நேரே படம்பிடிக்கப்பட்டவை மிகச் சிலவே. எஞ்சிய ஆயிரக்கணக்கானவற்றை எந்தத் துணிவுகொண்டு உள்ளன என்கிறோம்? எல்லாவற்றிலும் கண்டது விண்மீனையே. கோள் அதன் ஒளியிலிருந்தோ அசைவிலிருந்தோ அனுமானத்தாற் பெறப்பட்டது. ஆகவே விண்மீனைப்பற்றிய அறிவு எவ்வளவு செவ்விதோ அவ்வளவே கோளைப்பற்றிய அறிவும் செவ்விதாகும். விண்வெளித் தொலைகாட்டிகள் கடந்த சில பத்தாண்டுகளில் ஆற்றிய பெரும்பணி புதிய உலகங்களைத் தேடியது என்றே பலருங் கூறுவர். அத்தேட்டத்தை நம்பத்தக்கதாக்கியது விண்மீன்களை இலட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் அளந்தமையே என்பது என் கருத்து.

காணாத துணையை விண்மீனின் அசைவால் அறிதல் புதியதொன்றன்று. திருமணச் சடங்கில் மணமக்கள் பார்க்கும் அருந்ததிக்கு அருகே நிற்கும் வசிட்டனை எல்லாரும் அறிவர். 1889 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவாட் வானாய்வு நிலையத்தில் அவ்விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்த பிக்கறிங் என்பவர், அதிலுள்ள கோடுகள் குறித்த காலத்துக்கொருமுறை இரட்டிப்பதைக் கண்டு, ஒன்றாகத் தோன்றும் அது தம்முட் சுற்றிவரும் இரு விண்மீன்கள் என்று துணிந்தார். நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி நீலத்தின் பக்கமும், விலகிச் செல்லும் பொருளின் ஒளி சிவப்பின் பக்கமும் சிறிது பெயரும் என்பது பௌதிகம் பயிலும் மாணவர்க்குத் தெரிந்ததே. இதே வழியால் 1995 இல் சுவிற்சலாந்தைச் சேர்ந்த மேயர், குவெலோ என்னும் இருவர், ஞாயிறு போன்றதொரு விண்மீனைச் சுற்றும் முதலாவது கோளைக் கண்டறிந்து, 2019 இல் நோபெல் பரிசிற் பங்குபெற்றனர். நமது சமகியவும் சிலி நாட்டு மலையொன்றிலிருந்த தொலைகாட்டியால் இவ்வழியே அறியப்பட்டு 2008 இல் வெளியிடப்பட்டது. சாமய என்னும் விண்மீன் செக்கனுக்கு ஏறத்தாழ 40 மீற்றர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைகின்றது. ஏறத்தாழ 280 நாளுக்கு ஒரு சுற்று. இவ்வளவே கண்ட செய்தி.

இதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னர், நமக்கு அண்மையிலுள்ள சென்னையிலேயே புறக்கோள் ஒன்று ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்னுஞ் செய்தியைப் பலர் அறியார். கிழக்கிந்தியக் கும்பினியார் நடத்திய சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த கப்டன் வில்லியம் ஸ்டீவன் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் ஒழுக்கை ஆராய்ந்தார். ஒன்றையொன்று சுற்றும் அவ்விரண்டும் கணித்த இடத்தினின்றுஞ் சிறிது விலகித் தோன்றின. கட்புலனாகாத கோளொன்று அவற்றுள் ஒன்றை இழுக்கின்றது என்று கொண்டால் அவ்விலகலுக்குக் காரணங் கிடைக்கும் என அவர் 1855 இல் இலண்டன் அரச வானியற் கழகத்துக்கு எழுதினார். நியூற்றனின் விதியை அடியாகக்கொண்டு, அளவையால் துணிந்து, புறக்கோள் உண்டென்று ஆராய்ச்சி உலகில் எழுந்த முதற்கூற்று இதுவே எனலாம். சில பத்தாண்டுகளின் பின் அமெரிக்கரான சீ என்பவரும் அவ்விண்மீனிடத்தே அத்தகைய மறைபொருள் உண்டென வாதிட்டார். 1899 இல் மோல்ற்றன் என்னும் கணித அறிஞர், அவர் கூறிய அமைப்பு நிலைத்திருத்தல் இயலாதெனக் காட்டினார். ஜேக்கப் கூறிய கோளும் இல்லை என்பதே பிற்கால அளவைகளின் முடிபு.

அவர் சிந்தித்த முறையிற் பிழையில்லை என்பதை ஈண்டு வற்புறுத்தல் வேண்டும். விண்மீனின் இடத்தை அளந்த அளவையிலேயே பிழை இருந்தது. அளவையின் பிழையும், தேடிய பொருளின் பயனும் ஒரே பருமனுடையனவாகும்போது, எத்துணைக் கூர்த்த மதியினரும் இல்லாததைக் காண்பர். சென்னை நிலையத்தார் திறமையற்றவர் அல்லர். அந்நிலையத்தில் டெயிலர் தொகுத்து 1844 இல் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 11,000 விண்மீன்களின் இடங்கள் குறிக்கப்பட்டன. ஜேக்கப்பின் பின்வந்த போக்சன் வகுத்த விண்மீன் ஒளியளவுத் திட்டத்தையே இன்றும் உலகம் முழுவதுங் கைக்கொள்கின்றது. அவருக்கு உதவியாயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867 இல், ஒளி கூடியுங் குறைந்தும் வரும் விண்மீனொன்றைத் தென்வானிற் கண்டறிந்தார். 1874 ஆம் ஆண்டு வெள்ளி ஞாயிற்றைக் கடந்து சென்ற காட்சியை விளக்கிச் சிறுநூலும் எழுதினார். ஞாயிற்றின் முகத்தே கரும்புள்ளியாய் வெள்ளி ஊர்ந்து செல்லும் அந்தக் கடப்பே, பிற்காலத்திற் புறக்கோள்களைத் தேடுதற்குப் பெருவழியாயமைந்தது.

அவ்வழியை மலைநாட்டார்க்கு விளக்குதல் எளிது. சிவனொளிபாதமலைப் பருவத்தில், நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை ஏறும் பாதையில் விளக்குகள் ஏற்றப்படும். மசுக்கெலியாப் பக்கத்தில் நின்று நோக்குவோர்க்கு அப்பாதை இருளில் தொங்கவிட்ட ஒளிச்சரடு போலத் தோன்றும். அத்துணைத் தொலைவிலிருந்து யாத்திரிகர் எவரையுங் காண இயலாது. ஆயினும் விளக்கொன்றின் முன்னே ஒருவர் கடந்தால் அவ்விளக்கு ஒரு கணம் மங்கும். மங்கலின் அளவை அறிந்தால், மறைத்தவர் விளக்கின் முகத்தில் எவ்வளவு பாகத்தை மறைத்தார் என்பதும் பெறப்படும். விண்மீனின் முன்னே கோள் கடக்கும்போது நிகழ்வதும் இதுவே. ஆனால் அளவோ மிக நுண்ணியது. வியாழன் ஞாயிற்றைக் கடப்பதை வெகு தொலைவிலிருந்து ஒருவர் நோக்கினால், நூறு பங்கு ஒளியில் ஒரு பங்கு குறையும். பூமியின் விட்டம் ஞாயிற்றின் விட்டத்தில் 109 இல் ஒரு பங்காதலின், பூமி கடக்கும்போது குறையும் ஒளி ஏறத்தாழ 12,000 இல் ஒரு பங்கேயாகும். அதுவும் ஆண்டுக்கொருமுறை, பதின்மூன்று மணித்தியாலத்தின் மேற்படாது. மேலும், நோக்குவோனும் கோளின் ஒழுக்கும் ஒரே தளத்தில் அமைந்தாலன்றிக் கடப்பே நிகழாது. பூமியைப் போன்ற ஒழுக்குடைய கோள்கள் இருநூறு இருந்தால், அவற்றுள் ஒன்றுதான் நமக்குக் கடப்புக் காட்டும்.

இதனாலேயே இவ்வாராய்ச்சி விண்வெளிக்குச் செல்லவேண்டியதாயிற்று. வளிமண்டலத்தின் அசைவால் விண்மீன் மினுக்குகின்றது. அம்மினுக்கத்தில் 12,000 இல் ஒரு பங்கு எங்கே தோன்றும்? அட்டனிலும் நுவரெலியாவிலும் வாழ்வோர்க்கு வேறொரு தடையும் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கு அதிக உயரத்தில் நுவரெலியா உள்ளது. கோடைக்கானலில் 1899 இல் ஆய்வுநிலையம் எழுந்ததுபோல இங்கும் எழுந்திருக்கலாகாதா என்று இளமையில் யான் எண்ணியதுண்டு. வைகாசி தொட்டுப் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று இம்மலைச் சரிவுகளில் வந்து முட்டிக் கவிந்து நிற்பதை அநுபவித்த பின் அவ்வெண்ணம் நீங்கிற்று. தேயிலைக்கு உகந்த மூட்டம் வானியலுக்கு உகந்ததன்று. மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளாக் நிலையத்தில் யப்பான் அரசு வழங்கிய 45 சதமமீற்றர்த் தொலைகாட்டி உண்டு; நாட்டின் ஆய்வுத் தொலைகாட்டியாகக் குறிப்பிடத்தக்கது அது.

கெப்ளர் என்னும் அமெரிக்கத் தொலைகாட்டி 2009 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏவப்பட்டது. 95 சதமமீற்றர் வாயகலமுடைய அது, அன்னம், யாழ் என்னும் உடுத்தொகுதிகளின் திசையில் வானின் ஒரு சிறு பரப்பையே நான்கு ஆண்டுகள் இமையாது நோக்கி, ஏறத்தாழ 150,000 விண்மீன்களின் ஒளியை அரைமணிக்கொருமுறை குறித்துவந்தது. அதனைத் திசைமாறாது நிறுத்திய நான்கு சுழற்சக்கரங்களுள் ஒன்று 2012 இலும் மற்றொன்று 2013 இலும் பழுதாயின. பணி முடிந்ததென்றே பலர் நினைத்தனர். ஞாயிற்றொளியின் அழுத்தத்தையே மூன்றாவது ஊன்றுகோலாகக் கொண்டு, இராசி மண்டலத்தின் வழியே ஒவ்வொரு பரப்பாக நோக்குமாறு பொறியியலாளர் அதனைத் திருத்தியமைத்தனர். எரிபொருள் தீர்ந்து 2018 ஒக்டோபரில் ஓயும்வரை அது உழைத்தது. அதன் தரவுகளிலிருந்து உறுதிசெய்யப்பட்ட கோள்கள் 2,600 க்கு மேற்பட்டன. 2018 ஏப்பிரிலில் ஏவப்பட்ட டெஸ் என்பது நான்கு ஒளிப்படக் கருவிகளால் வானை 27 நாளுக்கு ஒரு பகுதியாக நோக்கி, ஏறக்குறைய வான் முழுவதையும் அளந்து வருகின்றது. அண்மையிலுள்ள ஒளிமிக்க விண்மீன்களே அதற்கு இலக்கு. ஆனால் 27 நாள் நோக்கினால், நீண்ட ஆண்டுடைய கோள்கள் பெரும்பாலும் தப்பிவிடும். சமகிய போன்றதொரு கோள் ஞாயிறு போன்ற விண்மீனைக் கடக்குமாயினும் அது பிடிபடுவது அரிது.

ஒளி ஒருமுறை மங்கியதென்று கோள் உண்டெனக் கூறிவிடலாமா? கூறலாகாது. 1977 ஆம் ஆண்டு மார்ச்சு 10 ஆம் நாள் யுறேனசு ஒரு விண்மீனின் முன்னே செல்லவிருந்தது. தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் பட்டாச்சாரியா, குப்புசாமி என்னும் இரு ஆய்வாளர், ஒரு மீற்றர்த் தொலைகாட்டியால் அதனை நோக்கியிருந்தனர். யுறேனசு விண்மீனை அணுகுமுன்னரே அவ்விண்மீன் ஒருகணம் மங்கிற்று. புதிய துணைக்கோளொன்று மறைத்ததாக அவர்கள் எழுதினர். அதே இரவில் வானூர்தியிற் பறந்துகொண்டு நோக்கிய அமெரிக்கக் குழுவினர்க்கு, யுறேனசின் இருபக்கத்தும் ஒழுங்காய் அமைந்த பல மங்கல்கள் கிடைத்தன. அவை வளையங்கள் என அவர்கள் கண்டனர். காவலூரார் கண்டதும் மெய்யே. அவர்க்குக் கிடைத்த சான்று அவ்வளவே. ஒரு மங்கலுக்குப் பல பொருள் உண்டு. பல மங்கல்கள் ஒழுங்குபட நின்றாலன்றிப் பொருள் துணியப்படாது.

கெப்ளர், டெஸ் என்பவற்றின் தரவுகளிலும் இவ்வாறான மயக்கங்கள் மிகப்பல. ஒளிமிக்க விண்மீனொன்றின் பின்னே வெகு தொலைவில் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தால், அவற்றின் ஒளி முன்னுள்ளதன் ஒளியோடு கலந்து, கோளின் கடப்புப்போலவே சிறிதாக மங்கிக் காட்டும். ஆதலால் விண்வெளித் தொலைகாட்டி சுட்டுவதை முதலில் ‘ஐயக்கோள்’ என்றே கொண்டு, நிலத்திலுள்ள கருவிகளால் விண்மீனின் அசைவை அளந்து திணிவு கண்ட பின்னரே கோள் என ஏற்பது நன்முறை. இதற்கு இந்தியாவிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. கடக இராசியின் திசையில் ஏறத்தாழ 600 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீனிடத்தே, 19.5 நாளுக்கொருமுறை ஒளி மங்குவதைக் கெப்ளர் காட்டியிருந்தது. அகமதாபாத்திலுள்ள பௌதிக ஆராய்ச்சி நிலையத்தார் ஆபு மலை உச்சியில் 1.2 மீற்றர்த் தொலைகாட்டியோடு ‘பாரஸ்’ என்னும் நிறமாலைக் கருவியை இணைத்து, ஓராண்டுக்கு மேலாக அவ்விண்மீனின் அசைவை அளந்தனர். 2018 இல் முடிபு வெளிவந்தது: பூமியின் 27 மடங்கு திணிவும் 6 மடங்கு ஆரையுமுடைய கோள் ஒன்று அங்கே உண்டு. 1.2 மீற்றர்த் தொலைகாட்டி இன்றைய உலகிற் சிறியது. வானிலிருந்து வந்த குறிப்பும் மலையிலிருந்து அளந்த அளவையும் ஒன்றையொன்று தாங்கியமையால் அது பெரும்பணி செய்தது.

இனி, முன்னர்க் கூறிய கருத்துக்கு வருகின்றேன். 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் நாடெங்கும் நீண்ட மின்வெட்டு நிலவியதை யாவரும் மறந்திரார். மார்ச்சு முடிவில் அது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலமாயிற்று. (விண்மீன் பார்ப்போர்க்கு மாத்திரம் அவ்விருள் ஒரு வரமாயிருந்தது.) மின்சாரம் வந்த ஓரிரு மணிநேரத்தில், கெப்ளர்-1 என்னும் விண்மீனின் ஒளியளவுகளைக் கணினியிற் பெற்று, எண்களை அச்சிட்டு, மாணவரிடங் கொடுத்தேன். அத்தரவுகள் யாவர்க்குந் திறந்துள்ளன. கட்டணம் இல்லை, அனுமதியும் வேண்டியதில்லை. வரைபுத்தாளில் புள்ளியிட்டபோது ஏறத்தாழ இரண்டரை நாளுக்கொருமுறை கோடு குழிவிழுந்தது. குழியின் ஆழம் நூற்றுக்கு 1.4 அளவு. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.12. ஆகவே கோளின் ஆரை விண்மீனின் ஆரையில் 0.12 பங்கு என்று கண்டனர். அப்பொழுது, முன்னர்க் குறிப்பிட்ட அதே மாணவி, “கிலோமீற்றரில் எவ்வளவு, சேர்?” என்றாள்.

வரைபுத்தாள் அதனைச் சொல்லாது. விண்மீனின் ஆரை தெரிந்தால் அதனை 0.12 ஆற் பெருக்கலாம்; தெரியாவிட்டால் இல்லை. கொழுந்து நிறுக்குமிடத்தை அவர்கள் அறிவர். தராசு காட்டுவது கூடையுங் கொழுந்துஞ் சேர்ந்த நிறை. கூடைக்கென்று ஓர் அளவு கழிக்கப்படும். அவ்வளவு மிகையாயின் கொழுந்து குறைந்து தோன்றும். தராசிற் பிழையில்லாமலே கணக்கிற் பிழை புகும். இதனை யான் கூறியபோது வகுப்பில் எழுந்த முணுமுணுப்பு, உவமை நன்கு பதிந்தமையைக் காட்டிற்று. பல வீடுகளில் அக்கழிவு நாள்தோறும் பேசப்படுவது. கெப்ளரின் தராசு நுண்ணியது. கூடையாகிய விண்மீனின் பருமனைப் பற்றித்தான் நெடுங்காலம் உத்தேசமே இருந்தது. பழைய பட்டியல்களில் விண்மீன்களின் ஆரை நூற்றுக்கு இருபது, முப்பது வீதம் பிழைபட்டிருந்தமை அரிதன்று. அவ்வாறாயின் அவற்றின் கோள்களும் அவ்வளவு பிழைபட்டன.

விண்மீனின் ஆரையை எவ்வாறு அறிவது? அதன் நிறத்திலிருந்து வெப்பநிலை பெறப்படும். வெப்பநிலையால் ஒரு சதுரமீற்றர்ப் பரப்பு எவ்வளவு ஒளி வீசும் என்பது தெரியும். தொலைவு தெரிந்தால், நமக்குத் தோன்றும் ஒளியிலிருந்து அது வீசும் முழு ஒளியையுங் கணிக்கலாம்; இரண்டையும் ஒப்பிட்டாற் பரப்பும் ஆரையும் வரும். எல்லாம் தொலைவில் வந்து நிற்கின்றன. தொலைவை அளக்கும் வழியோ பழையது: கையை நீட்டிப் பெருவிரலை ஒரு கண்ணாலும் மறு கண்ணாலும் மாறிப் பார்த்தால் விரல் இடம்பெயர்வதுபோல, பூமி ஞாயிற்றின் இருபுறமும் செல்லும்போது அண்மை விண்மீன்கள் சிறிது இடம்பெயரும். ஐரோப்பியர் 2013 டிசெம்பரில் ஏவிய கயா என்னும் தொலைகாட்டி இவ்விடமாற்றத்தை அளப்பதற்கே பிறந்தது. தலைமயிரொன்றின் தடிப்பை 1,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அளப்பதற்கு நிகரான நுட்பம் அதற்கு இருந்தது. 2018 ஏப்பிரிலில் வெளிவந்த அதன் இரண்டாந் தொகுப்பில் 130 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் தொலைவுக் குறிப்புகள் இருந்தன. அதனைக்கொண்டு கெப்ளர் நோக்கிய ஏறத்தாழ 178,000 விண்மீன்களின் ஆரைகள் திருத்தப்பட்டன. கயா ஒரு புதிய கோளையேனுங் காணாதிருந்தாலும், முன் கண்ட கோள்கள் எல்லாவற்றையும் மீள அளந்த புகழ் அதற்கு உண்டு. அது 2025 சனவரியில் அளவையை நிறுத்தியது. அவ்வாண்டு மார்ச்சில் அணைக்கப்பட்டது.

விண்மீனை அளக்க வேறொரு வழியுமுண்டு. அதனை மாணவர் பெரிதும் விரும்பினர். கோயில் மணியை அடித்தால் அது தன் பருமனுக்கேற்ற ஒலியெழுப்பும். சிறுமணி கூர்ந்த ஒலி, பெருமணி தாழ்ந்த ஒலி. விண்மீனும் தன்னுட் கொதித்தெழும் வாயுவால் ஓயாது அதிர்ந்துகொண்டிருக்கின்றது. ஞாயிற்றின் அதிர்வு ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. செம்பூத விண்மீன்களில் அது பல மணித்தியாலமாகவும் நாட்களாகவும் நீளும். அதிர்வால் ஒளி மிகமிகச் சிறிதாகக் கூடிக் குறைவதைக் கெப்ளர் ஆயிரக்கணக்கான விண்மீன்களிற் கண்டது. அதனால் அவற்றின் திணிவு, ஆரை, வயது என்பவற்றை முன்னில்லாத செம்மையோடு கணிக்க முடிந்தது. கோள்தேடிக்கென்று செய்த கருவி விண்மீன்களின் உள்ளீட்டையே காட்டிற்று.

விண்மீனைச் செவ்வனே அளந்தமையாற் கிடைத்த பயன்களுள் ஒன்றை மாத்திரங் கூறுவேன். 2017 இல் ஃபுல்ற்றன் என்பாரும் அவர் தோழரும், கெப்ளர் கண்ட கோள்களையுடைய ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் நிறமாலைகளை ஹவாயிலுள்ள கெக் தொலைகாட்டியால் நுணுக்கமாக ஆராய்ந்து, அவற்றின் ஆரைகளைத் திருத்தினர். அதுகாறும் சிறுகோள்கள் எல்லா அளவிலும் பரவலாகக் கிடப்பனபோலத் தோன்றின. திருத்தியபின், பூமியின் ஒன்றரை மடங்குக்கும் இரண்டு மடங்குக்கும் இடைப்பட்ட ஆரையுடைய கோள்கள் மிக அரியன என்பது வெளிப்பட்டது. அவ்விடைவெளிக்குக் கீழே பாறைக் கோள்கள். மேலே தடித்த வாயுப்போர்வையுடையன. விண்மீனின் வெம்மையாலோ தம் உள்வெம்மையாலோ போர்வையை இழந்தவை கீழே விழுந்தன என்று பெரும்பாலார் கொள்வர்; முடிந்த முடிபு இன்னும் இல்லை. இவ்விடைவெளி அங்கேயே இருந்தது. கூடையின் நிறை திருந்தும்வரை அது மூடப்பட்டுக் கிடந்தது.

தரவுக்குள்ளே அறியப்படாது கிடத்தல் இத்துறையில் அடிக்கடி நிகழ்வது. புறக்கோள் ஒன்றின் கடப்பு முதன்முதல் 1999 இல், எச். டி. 209458 என்னும் விண்மீனிடத்தே காணப்பட்டது. கயாவின் முன்னோடியாகிய இப்பாக்கஸ் செய்மதி அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவ்விண்மீனை அளந்திருந்தது. பின்னர் அதன் பழைய ஏடுகளைப் புரட்டியபோது, ஐந்து கடப்புகள் அங்கே பதிந்து கிடந்தன. தேடவேண்டும் என்று எவருக்கும் தோன்றியிராமையால் அவை எண்களாகவே இருந்தன. இவ்வகை எண்களைப் புரட்டும் பணியிற் பொதுமக்களும் பங்குகொள்கின்றனர். 2010 இல் தொடங்கிய ‘கோள் வேட்டையர்’ என்னும் இயக்கத்தார், ஒளி ஒருகால் நூற்றுக்கு 22 அளவுவரை ஒழுங்கின்றி மங்கும் விந்தையான விண்மீனொன்றைக் கண்டு காட்ட, 2015 இல் அது வெளியாயிற்று; கணினி நிரல்கள் அதனைத் தள்ளிவிட்டிருந்தன. கே2-138 என்னும் விண்மீனின் ஐந்து கோள்கள், அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் வழியாகச் சேர்ந்த சாதாரண மக்களின் கண்ணுக்கு 2017 இல் அகப்பட்டவை.

விண்மீன் ஆராய்ச்சிக்கென்று இந்தியர் 2015 செப்டெம்பர் 28 இல், சென்னைக்கு வடக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய அஸ்ட்ரோசாற் செய்மதியையும் ஈண்டுக் கூறாது விடுதல் தகாது. அதிலுள்ள 38 சதமமீற்றர் இரட்டைத் தொலைகாட்டிகள் ஊதாக்கடந்த கதிரில் நோக்குவன. அக்கதிரை வளிமண்டலம் தடுப்பதால் நிலத்திலிருந்து காண இயலாது. வயதுமுதிர்ந்த விண்மீன் கூட்டங்களில் முதுமையடையாது நீலமாய் ஒளிரும் சில விண்மீன்கள் நெடுங்காலம் புதிராயிருந்தன. அவற்றுள் ஒன்றுக்கு வெம்மை மிக்க துணைவிண்மீன் உண்டென்பதை, அன்னபூரணி சுப்பிரமணியம் முதலிய பெங்களூர் ஆய்வாளர் 2016 இல் இச்செய்மதியாற் கண்டனர். துணையிடமிருந்து பொருளைப் பெற்று அது இளமை பூண்டது போலும். கண்ணுக்குத் தனியாய்த் தோன்றியது ஈண்டுந் தனியன்று.

சென்னையில் ஜேக்கப் தொடங்கி வைத்த வழி என்னாயிற்று என்று கேட்போர்க்கு ஒரு விடையுண்டு. விண்மீன் வானில் இடம்பெயர்ந்து தள்ளாடுவதைக்கொண்டு கோளை அறிதல் 1855 இல் அவர்க்குக் கைகூடவில்லை. கயாவின் அளவைகளில் அத்தகைய தள்ளாட்டம் ஒரு விண்மீனிடத்தே தோன்ற, நிலத்திலிருந்து அதன் வேகத்தையும் அளந்து, 2025 பெப்புருவரியில் ஆய்வாளர் ஒரு கோளை அறிவித்தனர். கயா-4பி எனப்படும் அது ஏறத்தாழ 244 ஒளியாண்டுத் தொலைவில், 571 நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனைச் சுற்றுகின்றது. திணிவு வியாழனின் ஏறத்தாழ 12 மடங்கு. அவர் கருதிய முறையே. அளவுகோல் மாத்திரம் மாறிற்று.

சமகியவைப் பற்றி அம்மாணவிக்கு இறுதியாகச் சொன்னது இது. அதன் ஆரையை எவரும் அறியார், கடப்புக் காணப்பட்டதில்லை. அதன் திணிவையும் ‘வியாழனின் 1.4 மடங்குக்குக் குறையாது’ என்று மாத்திரமே கூறலாம். ஏனெனில் அதன் ஒழுக்கு நமது பார்வைக்கு எவ்வளவு சாய்ந்துள்ளது என்பது தெரியாது. சாய்வு மிகுமாயின் திணிவும் மிகும். அச்சாய்வைச் சொல்லக்கூடியது, விண்மீன் வானில் எவ்வாறு தள்ளாடுகின்றது என்னும் அளவையே. அவள் தன் குறிப்பேட்டில் 1.4 என்று எழுதி, அதன் முன்னே ‘குறையாது’ என்பதையும் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு இட்டாள்.